காக்கைக்குப் போட்ட பற்கள்

எங்கள் சுகாதார அலுவலகத்தின் ஓட்டுக் கூரையில் நடுப்பகலில் ஏதோ உருளும். சின்னச் சாமான்தான். டக்கென்று விழும், இரண்டு மூன்று ஓடுகள் தாண்டி உருளும், மழைத் தண்ணீர் போகும் தகரக் குழாயில் விழுந்து அடங்கிவிடும். ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். ஒரு தரமல்ல, ஏழெட்டுத் தரம். குழாய்க்குள் காய்ந்த இலையும் ஆலைச் சாம்பலும் தவிர ஒன்றுமில்லை.

பக்கத்து மேசை கென்ச்சோவுக்கு அது கேட்பதே இல்லை. ஆரம்பத்தில் கிண்டல் செய்வான்.

"என்னக்கா, காக்கா இரும்புப் பல்லு கொண்டாந்துடுச்சா? உனக்குத்தான் கடவாயில ரெண்டு இல்லையே, வாங்கி வச்சுக்கோ."

"முதல்ல உன் காதுல இருக்கற அழுக்கை எடுடா. அப்புறம் என் பல்லைப் பத்திப் பேசலாம்."

ஒரு நாள் அவன் அப்படிக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். அதோடு அவன் கிண்டலை விட்டான். பன்னிரண்டு மணி அடித்தால் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுகிறான்.

நான் பேய் பிசாசுக்குப் பயந்தவள் அல்ல. ஸ்ரெப்ரீனா ஊரில் இருபத்தாறு வருஷமாகக் குழந்தைகளுக்கு ஊசி போட்டு, எடை பார்த்து, உயரம் அளந்து எழுதும் நர்ஸ். ஸ்லாவ்கா என்று பெயர் சொன்னாலே குழந்தைகள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். செத்தவர்களைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அவர்கள் ஓர் இடத்தில் கிடப்பார்கள். உயிரோடு இருந்துகொண்டே துரத்துகிறவர்களை என்ன செய்வது?

ஊருக்குச் சோறு போடுவது ஈய ஆலை. புகைபோக்கிக்குக் கீழே, கல்லெறி தூரத்தில், மூன்றாம் நம்பர் மழலையர் பள்ளி. அங்கே மணல்தொட்டியில் விளையாடும் பிள்ளைகளின் கால்சட்டைப் பையைத் தட்டினால் சாம்பல் நிறத்தில் தூசு பறக்கும். ஆலைக்காரர்களுக்குத் தினமும் அரை லிட்டர் பால் இலவசம், ஈயத்தைப் பால் கழுவிவிடும் என்று. பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது.

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் வருஷத்துக்கு ஒரு தரம், ஈயம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும். வந்த எண்ணை நான் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவேன். மேலதிகாரி பார்ப்பார். "அனுமதிச்ச அளவுதான், விதிக்குள்னு போடும்மா" என்பார். ரப்பரால் அழித்து, மேலே பேனாவால் "விதிக்குள்" என்று எழுதுவேன். பதினோரு வருஷம் அப்படி எழுதினேன். அழித்து அழித்துச் சில பக்கங்களில் தாளே ஓட்டை விழுந்திருந்தது. ஆட்சி மாறிய அன்று ஊரே தெருவில் ஆடியது. நான் வீட்டில் உட்கார்ந்து, இனிமேல் செத்தாலும் பொய் எழுத மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியத்தைச் செய்யாமல் நானும் போய் ஆடியிருக்கலாம்.

மூன்று வருஷம் கழித்துத் தலைநகர் சோஃபியாவிலிருந்து டாக்டர் பெலேவா வந்தாள். ஒல்லிப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், வாயில் எப்போதும் சிகரெட். அமைச்சகத்தில் சண்டை போட்டு ஓர் ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கி வந்திருந்தாள்.

"ரத்தம் போன மாசத்துக் கதையைத்தான் சொல்லும், சிஸ்டர். பால் பல்லு, பிள்ளை பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் சொல்லும். விழுற பல்லையெல்லாம் எனக்குச் சேர்த்துக் குடுங்க. பல்லுல ஈயம் சராசரி பத்தைத் தாண்டினா மூணாம் நம்பரைப் பூட்டிடறோம்னு அமைச்சகத்துல எழுதிக் குடுத்திருக்காங்க."

"பூட்டிட்டுப் பிள்ளைங்களை எங்க விடறது? ஆலைக்குள்ளயா?"

"மலைமேல கட்சிக்காரங்க ஓய்வு விடுதி சும்மா கிடக்குதில்ல? அங்க. நூத்து நாப்பது பேருக்கும் இடம் இருக்கு. பஸ்ஸுக்கும் பேசிட்டேன்."

மலைமேல் காற்று சுத்தம். ஒரு தாளில் ஓர் எண் வந்தால் போதும், நூற்று நாற்பது பிள்ளைகள் பிழைப்பார்கள். அன்று ராத்திரி சந்தோஷத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் தாய்மார்கள் பல்லைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பல் விழுந்தால் கூரைமேல் எறிய வேண்டும். எலும்புப் பல்லை எடுத்துக்கொண்டு இரும்புப் பல்லைத் தரச் சொல்லிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். எறியாவிட்டால் அடுத்த பல் சொத்தையாகத்தான் முளைக்கும். படித்தவள், படிக்காதவள், இஞ்சினியர் பெண்டாட்டி, எல்லாரும் எறிகிறவர்கள்தான். நானும் எறிந்தவள்தான்.

முதலில் போய்க் கேட்டது டோன்கா வீட்டில். ஆலை உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் மகன் இஸ்க்ரெனுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளைக்கு வாய் மூடவே மூடாது. ஊசி போடப் போனால், ஊசிக்கு வலிக்காதா என்று கேட்பான். அன்று முன்பல் ஒன்று நூலில் தொங்குவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

"நர்ஸம்மா, காக்காவுக்கு இரும்பு எங்கேர்ந்து கிடைக்குது? எங்க அப்பா ஆலையிலேர்ந்தா?"

"உங்கப்பா ஆலையில ஈயம்தான்டா இருக்கு."

"அப்ப எனக்கு ஈயப் பல்லுதான் குடுக்குமா?"

டோன்கா சிரித்துக்கொண்டே அவன் தலையில் தட்டினாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "பாத்தியாக்கா, இவன்கிட்ட போயி, காக்காவுக்குப் போட வேணாம், சோஃபியா டாக்டருக்குக் குடுன்னு சொன்னா ஊரைக் கூட்டிடுவான். எனக்கும் மனசு வரல."

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"போடட்டும் டோன்கா. ஆசை தீரப் போட்டுட்டுப் போகட்டும். அவன் தூங்கினதும் உன் புருஷன் ஏணி வச்சு எடுத்துத் தரட்டும். காக்காவுக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு."

"அட, ஆமாம்ல!" என்றாள். ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு மூன்றாம் நம்பர் பள்ளி முழுக்கப் பரவியது. அப்பன்மார்கள் ஏணியோடு அலைந்தார்கள். தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பல் வந்து குவிந்தது. மே மாதத்துக்குள் அறுபத்திரண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் போட்டு, எந்த எண் எந்தப் பிள்ளை என்பதை என் நோட்டில் மட்டும் எழுதி, அலமாரியில் பூட்டினேன். தனித்தனிப் பிள்ளையின் கணக்கு யாருக்கும் போகக்கூடாது, சராசரிதான் வெளியே போகும் என்பது டாக்டரின் விதி.

கூரைக்குப் போய் வந்த சங்கதியை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சத்தியமாக. சொல்லத் தோன்றவே இல்லை. சூப்பில் உப்புப் போட்டேன் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

முடிவு வந்தது. சராசரி இருபத்து நான்கு. டாக்டர் பெலேவா மேசைமேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

செப்டம்பரில் ஊர்ப் படிப்பகத்து மண்டபத்தில் அமைச்சகக் குழு கூடியது. முன்வரிசையில் தாய்மார்கள். டோன்கா கையில் எலுமிச்சைச் சாற்றுப் புட்டி, மடியில் இஸ்க்ரென். ஆலையின் சார்பில் இஞ்சினியர் ஸ்டொய்மென் வந்திருந்தான். என்னோடு ஒரே தெருவில் வளர்ந்தவன், சின்ன வயதில் என் சடையைப் பிடித்து இழுத்தவன். தன் மகளை மட்டும் இரண்டு வருஷத்துக்கு முன்பே மலைக்கிராமத்தில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தான். அவன் எழுந்து நின்று, குழுவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"டாக்டரம்மா ஆராய்ச்சியில எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். ஸ்லாவ்கா, நீயும் இந்த ஊரு, நானும் இந்த ஊரு. காக்காவுக்குப் போடாத பல்லு இந்த ஊர்ல எங்கயாவது உண்டா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"இந்த ஊரு கூரையில விரலை வச்சா விரல் கறுப்பாகும். அதுல கிடந்த பல்லுல ஈயம் இருக்காம வேற என்ன இருக்கும்? இது பிள்ளைங்க வாயில இருந்த ஈயமா, ஓட்டுமேல இருந்த ஈயமா?"

டாக்டர் பெலேவா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் சொல்ல மறந்தது என்ன என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

உடனே டோன்கா எழுந்தாள். "எங்க வீட்டுல யாரும் போடல ஐயா. வாயிலேர்ந்து புடுங்கி நேரா நர்ஸு கையில குடுத்தேன்."

"நானும் நேராத்தான் குடுத்தேன்" என்றாள் பின்னால் ஒருத்தி.

"நாங்களும்தான்! எங்க வீட்டுல ஏணியே கிடையாது!"

வரிசையாக எழுந்தார்கள். அத்தனையும் பச்சைப் பொய். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவும் இல்லை. பிள்ளைக்காக ஒரு தாய் சொல்லும் பொய்யில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. குழுத் தலைவர் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினார்.

"சேகரிச்சவங்க நீங்கதானே, சிஸ்டர்? நீங்க சொல்லுங்க. இந்தப் பல்லெல்லாம் கூரையில கிடந்துச்சா?"

"இல்லை" என்று சொன்னால் போதும். ஒரு சொல். மலைமேல் விடுதி காத்திருக்கிறது, பஸ்ஸுக்கும் பேசியாகிவிட்டது. ஆனால் என் கண்முன்னால் அந்தப் பழைய ரத்தப் பரிசோதனை நோட்டுதான் நின்றது. ஓட்டை விழுந்த தாள். பதினோரு வருஷத்து "விதிக்குள்". எழுந்து நின்றேன்.

"கிடந்துச்சு" என்றேன். "நான்தான் போட்டு எடுக்கச் சொன்னேன்."

டாக்டர் பெலேவா அதற்குமேல் அரைமணி நேரம் தொண்டை கிழியப் பேசினாள். பல்லின் மேல்பரப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைத்தான் அளந்தோம், கூரைத்தூசு உள்ளே போகாது என்றாள். தலைவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படியிருந்தா மறுபடியும் செஞ்சாலும் அதேதானே வரும்? சந்தேகம் இல்லாம ஒரு தடவை செஞ்சுட்டு வாங்க. ஒரு வருஷந்தானே" என்றார்.

வெளியே வந்து டாக்டர் ஒரு சிகரெட்டை மூன்று தீக்குச்சி கிழித்துப் பற்ற வைத்தாள். "எங்கிட்டயாவது முன்னாடி சொல்லியிருக்கலாமே, சிஸ்டர். முதல் பக்கத்துலயே நான் எழுதி, பதிலும் எழுதியிருப்பேன். அவன் வாயைத் திறந்திருக்கவே முடியாது." திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படிக்கட்டில் டோன்கா நின்றாள். "ஊரு முன்னாடி என்னைப் பொய்க்காரியாக்கிட்டல்ல? உனக்காக ஒண்ணும் எந்திரிக்கலக்கா. இவனுக்காக எந்திரிச்சேன்." இஸ்க்ரென் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தான். அன்று மட்டும் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நம்பர் பள்ளி திறந்தே இருந்தது. நூற்று நாற்பது பிள்ளைகளும் அதே மணலில் விளையாடினார்கள். நான் மறுபடியும் பல் சேகரித்தேன். இந்தத் தடவை புதிதாக ஆறு வயதான பிள்ளைகள். வீடு வீடாகப் போய், என் கையாலேயே பிடுங்கி, அங்கேயே பெட்டியில் போட்டு அரக்கு வைத்தேன். காக்கைக்குக் கொடு என்று அழுத பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில்தான் கூரைச் சத்தம் ஆரம்பித்தது.

இஸ்க்ரெனுக்கு முதலில் வயிற்றுவலி என்றார்கள். பிறகு சாப்பாடு வேண்டாம் என்றான். ஜனவரியில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஈறில் நீலமாக ஒரு கோடு, ஈய விஷத்தின் அடையாளம். ஊசியைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டோன்காவிடம் பிள்ளையை வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னேன்.

"எங்க அனுப்ப? எனக்கு மலையில அத்தை இல்லக்கா" என்றாள்.

மார்ச் முதல் நாள். எல்லாப் பிள்ளைகள் மணிக்கட்டிலும் வசந்தத்துக்கான சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து ஆள் ஓடி வந்தான். நான் போனபோது இஸ்க்ரென் மணல்தொட்டியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயோரம் மணல் ஒட்டியிருந்தது. மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த இருபது நிமிஷத்தை நான் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

இரண்டு மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். பிழைத்து வந்தது இஸ்க்ரெனின் உடம்பு. அந்த வாய் வரவில்லை. பேசினான், ஆனால் முதல் சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டே நிற்பான், தேடுவதையும் மறந்துவிடுவான். ஜூனில் ஒரு நாள் டோன்கா தீப்பெட்டியோடு வந்தாள்.

"மேல்பல்லு. காலையில கஞ்சியோட விழுந்திருக்கு. அவனுக்கே தெரியல. நான்தான் கிண்ணத்துலேர்ந்து எடுத்தேன்."

"அவன் காக்காவுக்குக் கேக்கலையா?"

"கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கையால் பிடுங்காத பல் சராசரிக் கணக்கில் சேராது; தனி எண் போட்டு டாக்டருக்கு அனுப்பினேன்.

இரண்டாவது முடிவு செப்டம்பரில் வந்தது. சராசரி இருபத்து நான்கு. ஒரு புள்ளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. அக்டோபரில் அமைச்சகத்து உத்தரவு ஒரே பக்கத்தில் வந்தது. மூன்றாம் நம்பரின் வாசலுக்கு நான்தான் பூட்டுப் போட்டேன். பிள்ளைகள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு மலைக்குப் போனார்கள். டாக்டர் பெலேவாவின் ஆராய்ச்சியைப் பல நாடுகளில் மெச்சினார்களாம். சேகரிப்பில் நேர்மைக்கு உதாரணம் என்று என் பெயரையும் அதில் எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தை நான் இரண்டாவது தரம் புரட்டவில்லை.

ஐந்து வருஷம் ஓடிவிட்டது. தினமும் காலையில் டோன்கா இஸ்க்ரெனைக் கையில் பிடித்துக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போவாள். பன்னிரண்டு வயது, அவள் தோள் உயரம் வளர்ந்துவிட்டான். ஜன்னலுக்கு நேரே வந்ததும் அவன் நிற்பான். என்னைப் பார்த்து வாயைத் திறப்பான், ஏதோ கேட்கப்போகிறவன்போல. பிறகு மூடிக்கொள்வான். அவள் இழுத்துக்கொண்டு போவாள்.

போன வாரம் அவர்கள் ஜன்னலைத் தாண்டவில்லை. உள்ளே வந்தார்கள். கென்ச்சோ தானாகவே எழுந்து வெளியே போனான். டோன்கா என் எதிரே உட்கார்ந்தாள். தலை பாதி நரைத்திருந்தது.

"என் பிள்ளையோட பல்லு ரெண்டு உன்கிட்ட குடுத்தேன். ரெண்டுக்கும் என்ன வந்துச்சுன்னு எழுதித் தா."

"தனித்தனியாக் குடுக்கக்கூடாது, டோன்கா. விதி."

"உன் விதியெல்லாம் போதும் ஸ்லாவ்கா. நல்லா அனுபவிச்சாச்சு." அக்கா என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெட்டி எண்ணுக்கும் நேரே, பின்னால் வந்த ஈய அளவையும் குறித்து வைத்திருந்தேன். அதுவரை இஸ்க்ரெனின் இரண்டு அளவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. கூரையில் கிடந்த பல்: முப்பத்தொன்று. கஞ்சியில் விழுந்த பல்: நாற்பத்தாறு. ஒரு தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"கூரையில கிடந்ததுலதானே ஜாஸ்தியா இருக்கணும்? இதுல கம்மியாத்தான் இருக்கு."

"ஆமா."

"அப்ப அந்த முப்பத்தொண்ணு கூரையினால வந்ததா?"

"இல்ல."

"மேல இந்தப் பதினஞ்சு?"

பொய் எழுதாத கை, பொய் சொல்லாத வாய். எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். "அந்த ஒரு வருஷம்" என்றேன்.

இஸ்க்ரென் ஊசி வைக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். டோன்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

"இப்ப எவ்வளவு சுளுவா 'இல்ல'ன்னு சொல்ற! இந்த ஒரு 'இல்ல'யை அன்னைக்கு மண்டபத்துல சொல்லியிருக்கலாமே. நாங்க அத்தனை பேரும் சொன்னோமே."

தாளை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். முத்திரை போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். முதல் தடவை சரியாக விழவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று போட்டேன்.